விளிம்பிலிருந்து இரண்டு முழம்

இரண்டு முழம். வேறெதையும் நினைக்க வேண்டாம், தார் முடிகிற இடத்திலிருந்து இரண்டு முழம் உள்ளே, அதுவும் பூக்காரி அளக்கிற முழம் இல்லை, அவள் மூன்று அளந்தால்தான் அது இரண்டு, என் கை முழம், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் முழுசாக நீட்டின முழம். காற்று பார்த்தாயிற்று, இரண்டு டயரையும் கட்டைவிரலால் அமுக்கினேன், விரல்தான் வலித்தது, டயர் அசையவில்லை. பிரேக் இரண்டையும் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளிப் பார்த்தேன், முரண்டு பிடித்தது, நல்லது, முரண்டு பிடிக்கிற சைக்கிள்தான் எனக்கு இன்றைக்கு வேண்டும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இடதுபக்கம் முடிச்சு, செயின் வலதுபக்கம் ஓடுகிறது, அதனால் முடிச்சு இடதுபக்கம். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் மாட்டவில்லை, மாட்டினால் பை ஆடும், பை ஆடினால் ஹேண்டில் ஆடும், கூடைக்குள் வைத்துக் கயிறு போட்டு இறுக்கிவிட்டேன். சஷ்மிதா ஏறி உட்கார்ந்தாயிற்று, முதுகுக்குச் சாய்மானம் வைத்த சின்ன சீட்டு, இரண்டு பாதமும் கால்கம்பியில், பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரும்பு வலை, எல்லாம் வெல்டிங் பட்டறையில் நானே பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி அடிக்க வைத்தது. "அம்மா, இன்னிக்கு மண்ணுல இறங்குவியா?" "மாட்டேன்டி." "லாரி வந்தா?" "லாரி அது பாட்டுக்குப் போவும், நாம நம்ம பாட்டுக்குப் போவோம்." "லாரி பெரிசும்மா." "அம்மாவும் பெரிசுதான்டி, இந்த ரெண்டு மாசத்துல ரெண்டு கிலோ ஏறியிருக்கேன்." சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவள் சிரித்தால் அவள் வயிறு என் முதுகில் குலுங்குகிறது, எனக்கு அது போதும், வலது பெடலை மேலே கொண்டுவந்து, ஒரே மிதி, கிளம்பியாயிற்று.

தெரு தாண்டுகிற வரைக்கும் பயமில்லை, இந்தத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன், ஓட்டக்கூடாது, ஓட்டுவேன் என்று சொன்னேன், அவ்வளவுதான். அமராவதி அக்கா பைப்படியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்கிறாள், "என்ன இளவரசி, இன்னிக்கு அரிசியை விட்டுட்டுப் பிள்ளையை ஏத்திட்டியா?" பைப்படியே சிரிக்கிறது. சிரிக்காமல் என்ன செய்வார்கள், பதினாலு நாளாக நெல் காயப்போடுகிற களத்தில் இந்த சீட்டில் பதினைந்து கிலோ ரேஷன் அரிசியைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன், பிள்ளையின் எடைக்கு எடை, கோலமாவால் கோடு கிழித்து அந்தக் கோட்டின் மேலேயே போய், கொட்டாங்கச்சி வைத்து அதற்கு ஒரு சாண் முன்னால் பிரேக் பிடித்து. முதல் நாளே அமராவதி அக்கா கேட்டுவிட்டாள், ஏண்டி அரிசிக்கு ஊர் சுத்திக் காட்டுறியா, என்று. "அது பாவம் குடோனுலயே கெடந்துச்சு அக்கா, காத்து வாங்கட்டும்னு." நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் உள்ளே சிரிப்பில்லை. பதினைந்து நாள் என்று நான்தான் சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை, என் வாய்தான் சொன்னது. பூங்கொடி அண்ணி, என் வீட்டுக்காரருக்கு அக்கா, ஜெயங்கொண்டத்திலிருந்து வந்து பிள்ளையின் குதிகாலைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இவரிடம், "ஏழு தையல் கொளஞ்சி, இன்னொரு தடவை விழுந்தா யாரு பதில் சொல்றது? என் வீட்டு வாசல்லயே பள்ளிக்கூட வேன் வந்து நிக்குது. என்கிட்ட விடு. வாரத்துக்கு ஒருக்கா வந்து பாருங்க" என்றார். இவர் தரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தால் சரி என்று அர்த்தம், ஆறு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு கிடையாது, நாலு கிலோமீட்டர் தள்ளி நல்லாம்பட்டி, பஸ் ஏழு மணிக்கு ஒன்று, அதைவிட்டால் பதினொன்றுக்கு, இவரோ விடிவதற்கு முன்னால் லாரி எடுக்கப் போய்விடுகிறவர். அப்போதுதான் என் வாய் சொன்னது. "பதினஞ்சு நாள் குடுங்க அண்ணி. ஒரு தடவை, எங்கேயும் இறங்காம பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடுறேன். முடியலைன்னா நானே பெட்டியைக் கட்டிட்டு வந்து உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்." இன்று பதினைந்து. ராத்திரி பெட்டியைப் பரணிலிருந்து எடுக்கவில்லை, எடுத்தால் கை அதற்குப் பழகிவிடும்.

மெயின் ரோடு. நின்று, வலது, இடது, மறுபடி வலது, திரும்பியாயிற்று. இரண்டு முழம். எங்கள் ஊர்ப்பெண்கள் யாரும் இரண்டு முழத்தில் போக மாட்டார்கள், விளிம்போடு ஒட்டித்தான் போவார்கள், ஏனென்றால் எங்களுக்கு சைக்கிள் பழகுகிற நாளிலேயே முதலில் பழக்குவது பெடல் இல்லை, பிரேக் இல்லை, இறங்குவது. ஹாரன் கேட்டால் மண்ணில் இறங்கு. பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டாம், இறங்கு. பதினொன்றாம் வகுப்பில் இந்த நீல சைக்கிளைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தபோது நாங்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக வருவோம், பின்னால் ஒரு ஹாரன், பன்னிரண்டும் ஒரே நேரத்தில் மண்ணில், பன்றிக்குட்டிகள் புதரில் நுழைகிற மாதிரி, லாரி போனதும் பன்னிரண்டும் மேலே. அப்போது மண்ணும் தாரும் ஒரே மட்டம். அதற்கப்புறம் தாருக்கு மேலே தார், அதற்கு மேலே தார், இப்போது விளிம்பில் ஒரு சாண் பள்ளம், ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, மண் அங்கேயே கிடக்கிறது, நாங்கள் மட்டும் பழைய மாதிரியே இறங்கிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நானும் இறங்கினேன். ஹாரன், இறங்கு, யோசனையே இல்லை, உடம்பு தானாகப் போயிற்று, முன்சக்கரம் டொம்மென்று விழுந்தது, விழுந்தும் சைக்கிள் நின்றது, நிமிர்ந்துதான் நின்றது, இறங்கின அந்த ஆட்டத்தில்கூட நான் விழவில்லை, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது, அப்படியே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் உடனே ரோட்டில் ஏறப் பார்த்தேன். சாய்வாக. சக்கரம் விளிம்பை உரசிக்கொண்டே ஓடிற்று, ஏறவில்லை, ஹேண்டில் திரும்பிக்கொண்டது, அப்புறம் வானம், அப்புறம் மண், அப்புறம் அவள் கத்தவே இல்லை, கத்தாமல் இருந்ததுதான், அவள் கால் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போயிருந்தது, வெள்ளை சாக்ஸ், முதலில் சிவப்பாக ஒரு பொட்டு, அப்புறம் பொட்டு பெரிதாகி, வேண்டாம். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் அக்கா கேட்டாள், "சைக்கிள் கம்பியா? இந்த வாரத்துல இது மூணாவது குதிகால்." அவள் ஆறுதலுக்குச் சொன்னாளோ திட்டினாளோ, மூன்றாவது என்றால் நான் ஒருத்தி மட்டும் மடைச்சி இல்லை என்று ஒரு ஆறுதல், அப்புறம் அந்த ஆறுதலை நினைத்தே வெட்கம். வேண்டாம். ரோட்டைப் பார். முன்சக்கரத்தைப் பார்க்காதே, பத்து மீட்டர் தள்ளிப் பார், அங்கே ஒரு குழி, குழியைப் பார்க்காதே, பார்த்தால் நேரே அதற்குள்தான் போவேன், களத்தில் கொட்டாங்கச்சியைப் பார்த்துப் பார்த்து அதன் மேலேயே எத்தனை தடவை ஏற்றினேன், குழிக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல தாரைப் பார், அந்தக் கறுப்பை, ம், தாண்டியாயிற்று. "அம்மா, ஆடு!" "சாயாதடி. ஆட்டைக் கண்ணால பாரு, உடம்பால பாக்காத." "உடம்பால எப்படிம்மா பாக்குறது?" "நீ இப்ப பாத்தியே அப்படித்தான்."

இவரிடம்தான் கேட்டேன், அண்ணி போன அன்றைக்கு, சோறு போட்டுக்கொண்டே, கோபம் இருந்தது, கரண்டி சத்தத்திலேயே தெரிந்திருக்கும். "ஏங்க, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுற உங்களுக்கெல்லாம் எங்களைப் பார்த்தா என்னங்க? ஹாரன் அடிச்சு அடிச்சு மண்ணுல தள்ளுறீங்களே." இவர் சாம்பாரை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். "நாங்க எங்க தள்ளுறோம்? பின்னால வர்றேன்னு சொல்றதுக்கு அடிக்கிறோம். நீங்களாத்தான் இறங்குறீங்க." "இறங்கச் சொல்லி இல்லையா?" "யாரு சொன்னா? நேரா போயிட்டே இருந்தா நாங்க ஒதுங்கிப் போயிடுவோம். திடீர்னு இந்தப் பக்கம் விழுந்து அந்தப் பக்கம் எழுந்து வளைஞ்சு வளைஞ்சு போனாத்தான் புள்ள எங்களுக்கு வயித்தைக் கலக்கும். பயந்துட்டாங்கபோலன்னு இன்னொரு தடவை அடிப்போம்." "அதைக் கேட்டு நாங்க இன்னும் பயப்படுவோம்." "ஆமா." "எத்தனை வருஷமாங்க இது நடக்குது?" "நான் ஓட்டுறது ஒன்பது வருஷம்." ஒன்பது வருஷம் இவர் நானிருக்கேன் என்று அடிக்க, ஊர்ப்பெண்கள் எல்லாம் போ போ என்கிறான் என்று இறங்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தேன், பிறகு அது சிரிப்பில்லை என்று தெரிந்து இவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாள் சாயங்காலத்திலிருந்து களத்தில் நான் அரிசியோடு முன்னால் போக, இவர் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து ஹாரன் அடிப்பார். நான் விலகக்கூடாது. முதல் நாள் முப்பது தடவை அடித்தார், முப்பது தடவையும் விலகினேன். பொண்டாட்டி பின்னாலயே ஹாரன் அடிச்சிட்டுச் சுத்துறான் பாரு, என்று களத்துமேட்டில் பேச்சு. ஐந்தாம் நாள் பத்துக்கு நாலு. பத்தாம் நாள் ஒன்றுகூட இல்லை, அன்றைக்கு இவருக்குத்தான் சலித்துப்போய், "போதும்டி, காது எனக்கே வலிக்குது" என்றார். ஆனால் மோட்டார் சைக்கிள் ஹாரன் வேறு. அது பூனை. தெரிந்த பூனை.

வருகிறது. இது பூனை இல்லை. ரோடு முதலில் உள்ளங்காலில் சொல்லும், அப்புறம்தான் காதில், பெடல் லேசாக நடுங்குகிறது, பாரம் ஏற்றின லாரி, அவள் கை என் இடுப்பில் இறுகுகிறது, சுரிதாரோடு சேர்த்துச் சதையையும் பிடிக்கிறாள், நான்கு வயசுக்கு என்ன பிடி. "அம்மா கீழ போவாத, கீழ போவாத." போக மாட்டேன் கண்ணு. பார், முதலில் பார், தாடை தோளில் படுகிற மாதிரித் திரும்பு, தலை மட்டும், தோள் வரக்கூடாது, தோள் வந்தால் கை வரும், கை வந்தால் சைக்கிள் வரும், கோலமாவுக் கோட்டில் இதற்கு மட்டும் நாலு நாள் ஆயிற்று. பார்த்தேன். மஞ்சள் முகப்பு, எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகிறது, தூரத்தில்தான் இருக்கிறது, பார்க்காதபோது பக்கத்தில் இருந்தது, பார்த்ததும் தூரத்துக்குப் போய்விட்டது, இது என்ன வேடிக்கை. ஹாரன். இடதுகை இழுக்கிறது, என் கைதான், என்னைக் கேட்காமலே இடதுபக்கம் இழுக்கிறது, பதினாறு வயசிலிருந்து பழகின கை, விளிம்பு தெரிகிறது கண்ணின் ஓரத்தில், அதற்குக் கீழே அந்த மண், ஈரமாக, பார்க்காதே, பார்க்கிற இடத்துக்குத்தான் போவாய், முன்னே பார், புளியமரத்தில் வெள்ளையடித்திருக்கிறதே அந்த வெள்ளையைப் பார். கையை இறுக்காதே, இறுக்கினால் ஆடும், கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடி, நசுங்கக்கூடாது, நழுவவும் கூடாது. மறுபடி ஹாரன். நானிருக்கேன் என்கிறான். தெரியும்ண்ணே. நானும்தான் இருக்கேன். இரண்டு முழம், இரண்டு முழம், காற்று முதலில் தள்ளும், அப்புறம் இழுக்கும், அதற்குத் தயாராக இரு, தள்ளுகிறது, சக்கரம், சக்கரம், இன்னொரு சக்கரம், எத்தனை சக்கரம்தான் வைப்பார்கள் ஒரு லாரிக்கு, இழுக்கிறது, ஆடாதே, மிதித்துக்கொண்டே இரு, மிதிக்கிற சைக்கிள் விழாது, போயிற்று. போயிற்று! பின்பக்கத்தில் எழுதியிருந்தது என்ன என்றுகூடப் படிக்க முடிந்தது எனக்கு, மெதுவாகச் செல்க. "அம்மா போயிடுச்சு." "போயிடுச்சா?" "நாம போவல." "நாம எங்க போவணும், நாம ரோட்டுலயேதான இருக்கோம்." அவள் பிடி தளர்கிறது, அந்த இடம் எரிகிறது, சாயங்காலம் பார்த்தால் கன்றிப்போயிருக்கும். கன்றட்டும். அதற்கப்புறம் இரண்டு லாரி வந்தது, எண்ணினேன், இரண்டாவதற்குக் கை இழுக்கவே இல்லை, இழுக்கலாமா என்று கேட்டது, வேண்டாம் என்றேன்.

இனி பாலம். ஓடைப்பாலம், ராத்திரியெல்லாம் என்னைத் தூங்கவிடாமல் புரட்டினது இதுதான். ஒரு லாரி போனால் பக்கத்தில் ஒரு ஆள் ஒட்டி நிற்கலாம், அவ்வளவு அகலம், கைப்பிடிச்சுவர் என் இடுப்புக்கு, சஷ்மிதா உட்கார்ந்திருக்கிற உயரத்துக்கு அவள் முழங்காலுக்குத்தான் வரும், அதை நினைக்காதே. இங்கே இரண்டு முழம் உதவாது. இவர் சொன்னார், "பாலத்துல நீ ஓரமா போனா, நுழைஞ்சிடலாம்போலன்னு எங்களுக்கு ஒரு ஆசை வரும் புள்ள. நடுவுல போயிடு. ஆசையே வராது." "திட்டுவாங்களே." "திட்டுனா என்ன, திட்டு மேல ஏறுமா?" அதனால் நடு. பாலத்துக்கு இருபது முப்பது மீட்டர் முன்னாலேயே, பாலத்தில் ஏறினபிறகு இல்லை, முன்னாலேயே. தாடை தோளுக்கு. ஒரு டிப்பர், தூரத்தில். வலதுகையை நீட்டு, ஹேண்டிலை விட்டுவிட்டு, ஐயோ ஒரு கையில், ஒன்றுமில்லை, ஒன்று, இரண்டு, மூன்று, கை மறுபடி ஹேண்டிலுக்கு, மெதுவாக நடுவுக்கு. நான் இதுவரைக்கும் ஒரு ரோட்டின் நடுவில் போனதே இல்லை. கல்யாண ஊர்வலத்தில்கூட ஓரமாகத்தான் நடத்திப் போனார்கள். நடு வேறு மாதிரி இருக்கிறது, இரண்டு பக்கமும் ரோடு, அகலமாக, யாரோ பாய் விரித்து உட்கார் என்று சொன்ன மாதிரி. பின்னால் பிரேக் அழுகிற சத்தம். ஹாரன், நீளமாக. நான் வேகமாக மிதிக்கவில்லை. வேகமாக மிதித்தால் சைக்கிள் தள்ளாடும், என் வேகம் எதுவோ அதுதான் இந்தப் பாலத்தின் வேகம், ஐம்பது மிதி, எண்ணி வைத்திருக்கிறேன், முப்பது, முதுகெல்லாம் வியர்வை, லாரியின் சூடு கழுத்தில் படுகிறதா, இல்லை நானே நினைத்துக்கொள்கிறேனா, முப்பத்தைந்து, இப்போது அவன் பிரேக் பிடிக்கவில்லை என்றால், பிடித்துவிட்டான், சத்தம் கேட்டாயே, நாற்பது, சஷ்மிதா பாட ஆரம்பித்துவிட்டாள், நிலாவுக்கு என்னவோ, அவளாகக் கட்டின பாட்டு, லாரி ஹாரனுக்கும் அவள் பாட்டுக்கும் நடுவில் நான், நாற்பத்தெட்டு, ஒன்பது, முடிந்தது. கை காட்டி இடதுபக்கம் வந்தேன், மறுபடி இரண்டு முழம். டிப்பர் பக்கத்தில் வந்து மெதுவாகிறது, டிரைவர் தலையை நீட்டுகிறார், "ஏம்மா, பாலத்தை உன் பேருக்கு எழுதி வாங்கிட்டியா?" "ஆமாண்ணே, பட்டாவே வந்தாச்சு." அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஒரு மனுஷன் முகம் இருந்திருக்கிறது அங்கே, இத்தனை நாள் ஹாரன்தான் ஓட்டுகிறது என்று நினைத்திருந்தேனே.

முடித்துவிட்டேன், பாலமே முடிந்தபிறகு என்ன, இன்னும் ஒரு கிலோமீட்டர், அண்ணிக்கு என்ன சொல்லலாம், அண்ணி ஒரு இடத்துலகூட இறங்கலை, ஒரு இடத்துலகூட, அந்த வார்த்தை வாயில் வெல்லம் மாதிரி கரைகிறது, கால் தானாக வேகம் எடுக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது, வளைவு வருகிறது, வளைவில் என்ன அது வெள்ளையாக. பார். வெள்ளை. சுண்ணாம்புக்கல் தூள். லாரியிலிருந்து சிந்திச் சிந்தி வளைவு முழுக்கப் படிந்த தூள், விடிகாலையில் தூறல் போட்டதே, அது ஊறித் தயிராகக் கிடக்கிறது, ரோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். அதன்மேல் ஒரு டயர் வழுக்கின தடம் கோணலாக. போகலாம். நேராக, மிதிக்காமல், பிரேக் தொடாமல் போனால் போய்விடலாம், ஆனால் வளைவு, வளைவில் நேராக எப்படிப் போவது, திருப்பினால் சக்கரம் அடியிலிருந்து ஓடிவிடும். இருபது அடிதான். இருபது அடிக்காகவா? இறங்காமல் என்றல்லவா சொன்னேன், பரணில் இருக்கிற பெட்டி, இறங்கினால் தோற்றேன், இறங்கினால் பிள்ளை அண்ணி வீட்டுக்கு, இருபது அடி, எத்தனையோ பேர் போயிருப்பார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் முதுகில் அவள் கன்னம், பாடிக்கொண்டே கன்னத்தைச் சாய்த்திருக்கிறாள், பயமே இல்லாமல். பயமே இல்லாமல். இரண்டு பிரேக்கும் சேர்த்து, பின்னது அழுத்தமாக, முன்னது பதமாக, உடம்பைப் பின்னே கொடுத்து, காய்ந்த தாரிலேயே, ஈரம் தொடங்குவதற்கு முன்னாலேயே, தாடை தோளுக்கு, யாரும் இல்லை, இடதுகால் தரையில். நின்றேன். "பள்ளிக்கூடம் வந்துடுச்சா?" "இல்லடி. இங்க வழுக்கும். அம்மா தள்ளிட்டுப் போறேன், நீ கம்பியைப் பிடிச்சிட்டு உட்காரு." சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அந்தத் தயிரில் கால் வைத்தேன், செருப்பு ஒருமுறை சறுக்கியது, நடந்தே சறுக்குகிறது, நடந்தே! அடிமேல் அடி வைத்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது என் இரண்டு கால் கட்டைவிரலும் வெள்ளையடித்தது மாதிரி இருந்தது.

ஏறி உட்கார்ந்து மிதிக்கிறேன், மனசு மிதிக்க மாட்டேன் என்கிறது. இறங்கினாயே. இறங்கினேன். இறங்க மாட்டேன் என்றாயே. என்றேன். அப்போ? அன்றைக்கு மண்ணில் இறங்கினதும் இறங்கினதுதான், இன்றைக்கு இறங்கினதும் இறங்கினதுதான், வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு என்ன வித்தியாசம், இரண்டிலும் ஒரு பொம்பளை சைக்கிளை விட்டுக் கீழே நிற்கிறாள். ஆனால் அன்றைக்கு ஹாரன் என்னை இறக்கியது. பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கவுமில்லை, முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவுமில்லை. இன்றைக்கு யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நான் பார்த்தேன், நான் நிறுத்தினேன், நான் இறங்கினேன். மூன்றும் நான். சரி, இதை அண்ணிக்கு எப்படிச் சொல்வது, போனில், அவர் கேட்கப்போவது ஒரே கேள்வி. சொல்லாமல் விட்டால்? யாரும் பார்க்கவில்லை, வளைவில் ஒரு நாய்கூட இல்லை. ஆனால் பிள்ளை சொல்லிவிடும், என்றைக்காவது, அம்மா சுண்ணாம்புல தள்ளிட்டுப் போச்சு என்று. அதற்காக இல்லை. பொய் சொல்லித் தப்பித்தால் நாளைக்கு அந்த வளைவில் இறங்க யோசிப்பேன். ஒருநாள் சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக மறுநாள் ஓட்டிப்பார்க்கத் தோன்றும், அதுதான் பயம், வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடத்து மணி அடிக்கிறது, வேப்பமரம், கேட், ஆயாம்மா துடைப்பத்தோடு நிற்கிறார், "அடடே, ரெண்டு மாசம் கழிச்சு வருதே, கால் ஆறிடுச்சா தங்கம்?" சஷ்மிதா ஷூவைக் கழற்றிக் குதிகாலைக் காட்டப் போகிறாள், வேண்டாம்டி என்று இறக்கிவிட்டேன், பையை மாட்டினேன், "எங்கம்மா லாரியை நிக்கவெச்சுச்சு" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடுகிறாள், நொண்டவில்லை, சும்மா ஓடுகிறாள்.

ஸ்டாண்டு போட்டு, வேப்பமர நிழலில் போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்போல. "சேர்ந்துட்டீங்களா?" "சேர்ந்துட்டோம் அண்ணி." "பிள்ளை?" "உள்ள ஓடிடுச்சு." "எங்கேயும் இறங்கலையே?" அந்த ஒரு கேள்வி. "ஒரு இடத்துல இறங்கினேன் அண்ணி. வளைவுல சுண்ணாம்புச் சேறு. இருபது அடி தள்ளிட்டுப் போனேன். நாளைக்கும் சேறு கெடந்தா நாளைக்கும் இறங்குவேன். சொன்ன சொல் தப்பிடுச்சுன்னு வெச்சுக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பெட்டி கட்ட மாட்டேன் அண்ணி. பிள்ளை என்கிட்டதான் இருக்கும்." சொல்லிவிட்டேன். என் குரலா அது, களத்தில் கொட்டாங்கச்சிக்கு முன்னால் நிற்கிற சைக்கிள் மாதிரி அப்படியே நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் பதில் வைத்திருந்தேன், நாலைந்து பதில். "கட்டில் வாங்கிட்டேன் இளவரசி" என்றார். மெதுவாக, வேறு யாருக்கோ சொல்கிற மாதிரி. "சின்னக் கட்டில். புரண்டு விழாம பக்கத்துல கம்பி வெச்சது. பூ படம் போட்டிருக்கு. மெத்தை நாளைக்குத்தான் கொண்டாந்து போடுறாங்களாம். வேணாம்னு சொல்லிடட்டுமா?" பதினாறு வருஷம் அந்த வீட்டில் அவரும் மாமாவும் மட்டும். குதிகாலைத் தடவின கை. ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, ஒன்றும் கேட்காது, அது தாண்டிப் போகிற வரைக்கும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன், அண்ணியும் அங்கே நின்றிருக்க வேண்டும், மூச்சு கேட்டது. "வேணாம்னு சொல்லாதீங்க அண்ணி" என்றேன். "சனிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம். அவ கட்டில்ல படுக்கட்டும். நான் உங்க பக்கத்துல பாயைப் போட்டுக்கிறேன்."